கோல் விழுந்த பிறகு

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஐஸ் என்றால் அது மீன் பெட்டிக்குள் போடுகிற ஐஸ்தான். அதன்மேல் சறுக்கிக்கொண்டு மட்டையால் அடித்து விளையாடுகிற தேசங்கள் இருக்கின்றன என்று அங்கே போய்ச் சொன்னால், "ஐஸ் விற்கிற விலையில் விளையாட்டு வேறேயா?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயந்தான். ஆனால் கனடா, ருஷ்யா, ஸ்வீடன், செக் நாடு முதலான குளிர்ப் பிரதேசங்களில் ஐஸ் ஹாக்கி என்பது விளையாட்டு மட்டுமல்ல, ஏறக்குறைய ஒரு மதம். நம் தேசத்திலும் லடாக்கில் குளங்கள் உறைந்ததும் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 2025-ல் நம் பெண்கள் அணி ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலம்கூட வாங்கி வந்தது.

அந்த விளையாட்டின் ரசிகர்களுக்குள் ஓயாமல் நடக்கிற ஒரு வாதம் உண்டு. எல்லாக் காலத்துக்கும் பெரிய கோல் கீப்பர் யார் என்பதே அது. நாவலாசிரியர்களில் யார் பெரியவர் என்று நம் ஊரில் நடக்கிற வாதங்களைப் போலவே அதுவும் சூடாகத் தொடங்கிச் சூடாகவே முடிகிறது. பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே தவிர, எதை வைத்து அளப்பது என்று யாரும் நின்று யோசிப்பதாகத் தெரியவில்லை. அந்த அளவுகோலைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் பேச விரும்புகிறேன். ஐஸ் ஹாக்கியைப் பார்த்தே இராத வாசகர்கள் பயப்பட வேண்டாம். கடைசியில் நாம் வந்து சேரப்போவது நம் புல்தரை ஹாக்கிக்குத்தான்.

ரயில் பாதையில் கேட் கீப்பர் என்று ஒருவர் இருக்கிறார். ஆயிரம் தடவை அவர் கேட்டைச் சரியாக மூடினாலும் அவர் பெயரை எந்தப் பத்திரிகையும் அச்சிடுவதில்லை. ஒரே ஒரு தடவை மூட மறந்தால் மறுநாள் முதல் பக்கத்தில் படம் வந்துவிடும். கோல் கீப்பரும் அதே இனந்தான். முன்னால் ஆடுகிறவர் பத்துத் தடவை குறி தவறி, பதினோராவது தடவை கோல் போட்டால் அவரைத் தோளில் தூக்குகிறார்கள். கோல் கீப்பர் பத்துத் தடவை தடுத்து, பதினோராவது தடவை தவறினால் ஆட்டம் அவரால் போயிற்று என்கிறார்கள். மற்றவர்களுடைய பிழை ஆட்டத்தின் ஓட்டத்தில் கரைந்துவிடும். இவருடைய பிழை மட்டும் பலகையில் எண்ணாக ஏறி, எல்லோரும் பார்க்க நிற்கும்.

ஐஸ் ஹாக்கியில் இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். கோலின் அகலம் 6 அடி, உயரம் 4 அடி. பந்துக்குப் பதில் கெட்டி ரப்பர் வட்டு ஒன்று. 3 அங்குலக் குறுக்களவும் 1 அங்குலக் கனமும் உள்ளது. பக் என்று பெயர். பலமாக அடித்தால் அது மணிக்கு 100 மைல் வேகத்தில்கூட வரும். அந்த வட்டுக்கு முன்னால் வெகுகாலம் முகமூடி இல்லாமலே நின்றார்கள். 1959 நவம்பர் 1-ஆம் தேதி நியூயார்க்கில் மாண்ட்ரீல் அணியின் ஜாக் பிளாண்ட் என்பவருக்கு முகத்தில் அடி விழுந்தது. உள்ளே போய்த் தையல் போட்டுக்கொண்டார். முகமூடி இல்லாமல் திரும்ப முடியாது என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டார். முகமூடியோடு வந்து நின்றார், அணி ஜயித்தது. முகமூடி போடுகிறவன் பயந்தாங்கொள்ளி என்று நினைத்த காலம் அது. பயமே இல்லாதவன்தான் பெரிய கோல் கீப்பர் என்பாருக்கு இன்னொரு உதாரணமும் சொல்லலாம். 1955 முதல் 1962 வரை தொடர்ந்து 502 ஆட்டங்களில் முகமூடியில்லாமல் நின்ற கிளென் ஹால், ஆட்டத்துக்கு முன் வாந்தி எடுப்பது வழக்கம். வயிறு கலங்கும், பிறகு போய் நிற்பார். ஆகவே பயமின்மை என்ற அளவுகோலை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம்.

அடுத்தபடியாக ரசிகர்கள் எடுத்து வைப்பது எண்களை. டெர்ரி சாச்சக் என்பவர் 103 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. அதை யாரும் தாண்ட முடியாது என்று பல பத்தாண்டுகள் நம்பியிருந்தார்கள். 2009-ல் மார்ட்டின் புரோடர் தாண்டினார். 125-ல் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் பெற்ற வெற்றிகள் 691. செக் நாட்டு டோமினிக் ஹாஷெக்குக்கு வேறு கணக்கு. அவரை நோக்கி அடித்த ஒவ்வொரு 100 அடியிலும் 92-க்கு மேல் தடுத்திருக்கிறார். ஒருவர் 691 என்கிறார். மற்றவர் 92 என்கிறார். வாதம் விடியும்வரை நடக்கிறது.

இந்த எண்கள் பொய் அல்ல. ஆனால் அவை யாருடைய எண்கள் என்பதில்தான் சந்தேகம். புரோடர் ஏறக்குறையத் தம் வாழ்நாள் ஆட்டம் முழுவதையும் ஆடிய நியூ ஜெர்ஸி அணி தற்காப்புக்குப் பேர் போனது. எதிரி கிட்டத்தில் வருவதற்குள்ளேயே பாதி வேலையை மற்றவர்கள் முடித்துவிடுவார்கள். ஹாஷெக் பஃபலோ அணியில் நின்றபோது அவரை நோக்கி வட்டு மழையாகப் பொழிந்தது. இரண்டு பேரையும் ஒரே தராசில் வைப்பது, ஆற்றங்கரை நிலத்து விளைச்சலையும் மேட்டு நிலத்து விளைச்சலையும் பக்கத்தில் பக்கத்தில் அளந்து, யார் நல்ல விவசாயி என்று தீர்ப்புச் சொல்வது மாதிரி.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடிக்கொண்டிருந்தபோதுதான் பழவேற்காட்டு நினைவு வந்தது. ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டிய கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. இறால் கிடைக்கும் இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஓரிடத்தில் தண்ணீரின் ஓட்டமே இறாலைக் கொண்டுவந்து வலைக்குள் தள்ளும். இன்னோரிடத்தில் பாசியும் சேறுந்தான் மிச்சம். நல்ல இடத்தைப் பலசாலி பிடித்துக்கொண்டால் ஊரில் தினம் அடிதடிதான். அதனால் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்றைக்கு இவருக்கு இந்த இடம், அடுத்த முறை வேறொருவருக்கு. யாருக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்ப்பதும் உண்டு. கழி நட்டுச் சுத்து வலை கட்டிவிட்டு, தண்ணீர் வடியக் காத்திருக்கிறார்கள். இந்த முறைக்குள் இடம் கிடைக்காதவர்களும் ஏரியைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. அது தனி வழக்கு.

அங்கே ஒரு பெரியவரிடம், "இந்த ஊரில் கெட்டிக்கார வலைக்காரர் யார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எடம் நல்லா இருந்தா சின்னப் புள்ள கட்டினாலும் மாட்டும், சார்" என்றார். "எல்லா எடத்துலயும் கட்டிப் பார்க்கணும். அப்புறம், வெறும் வலையைத் தூக்கினு வந்தவன் மறுநாளு எப்படிக் கட்டுறான்னு பார்க்கணும். அதுலதான் ஆளு தெரியும்."

கோல் கீப்பர்களைப் பற்றி இதுவரை நான் படித்த விமரிசனங்களில் இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் யாரும் சொன்னதில்லை. அவர் இரண்டு அளவுகோல்களைக் கொடுத்தார். இடம் மாறியபோது என்ன செய்தான் என்பது ஒன்று. வெறும் வலைக்கு மறுநாள் என்ன செய்தான் என்பது இன்னொன்று.

முதல் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். கோல் கீப்பர்களுக்குப் பாடு முறை கிடையாது. இந்த வருஷம் பலமான அணி, அடுத்த வருஷம் பலவீனமான அணி என்று சீட்டுக் குலுக்கி அனுப்பினால் வாதமே தீர்ந்துவிடும்; ஆனால் முதலாளிகள் சம்மதிக்க மாட்டார்கள். இருந்தாலும் சிலருக்கு இடம் தானாக மாறியிருக்கிறது. ஹாஷெக் 1998-ல் ஜப்பானில் நாகானோ ஒலிம்பிக்குக்குத் தம் தேசத்து அணியோடு போனார். அரையிறுதியில் எதிரே கனடா. ஆட்டம் 1-1 என்று சமமாக நின்றது. தனித்தனியாக ஒவ்வொருவராக வந்து அடிக்கும் கட்டம் வந்தது. கனடாவின் 5 பேர் வந்தார்கள். ஐந்து பேரையும் தடுத்தார். இறுதி ஆட்டத்தில் ருஷ்யாவுக்கு எதிராக 1-0. தங்கம் செக் நாட்டுக்கு. பிறகு டெட்ராய்ட் அணிக்கு மாறி, 2002-ல் அங்கே ஸ்டான்லி கோப்பையையும் வாங்கினார். மூன்று இடங்களில் வலை கட்டி, மூன்றிலும் மீனோடு திரும்பிய மனிதர் அவர்.

பாட்ரிக் ராயின் கதையில் இரண்டு அளவுகோல்களும் சேர்ந்து வருகின்றன. மாண்ட்ரீல் அணிக்கு 1986-லும் 1993-லும் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 1995 டிசம்பர் 2-ஆம் தேதி, சொந்த ஊர் மைதானத்தில், டெட்ராய்ட்டுக்கு எதிராக அவர் ஒருவரே 9 கோல் வாங்கினார். பயிற்சியாளர் வெகுநேரம் அவரை வெளியே கூப்பிடவில்லை. ஆட்டம் 11-1 என்று முடிந்தது. கூட்டம் கேலி செய்தது. கடைசியில் வெளியே வந்தவர், இனி இந்த அணிக்கு ஆட மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டார். சில நாட்களில் கொலராடோ அணிக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஜூன் மாதமே அந்த அணி கோப்பையை வென்றது. 2001-ல் மறுபடியும் வென்றது. கோபக்காரர், கர்வி என்றெல்லாம் அவரைச் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் 9 கோல் வாங்கிய இரவை ஆறு மாதத்தில் மூட்டை கட்டி வைத்தவரைச் சாதாரண ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது அளவுகோலுக்கு இன்னும் சுத்தமான உதாரணம் சோவியத் நாட்டு விளாதிஸ்லாவ் திரெத்தியாக். 1980-ல் அமெரிக்காவில் லேக் பிளாசிட் ஒலிம்பிக். சோவியத் அணியை யாரும் அசைக்க முடியாது என்ற எண்ணம். எதிரே அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள். முதல் பகுதி முடிய ஒரே ஒரு விநாடி இருக்கும்போது திரெத்தியாக் மேல் பட்டுத் திரும்பிய வட்டை ஒரு பையன் உள்ளே தள்ளிவிட்டான். ஆட்டம் 2-2. பயிற்சியாளர் திக்கோனவ் உடனே அவரை எடுத்துவிட்டு வேறொருவரை நிறுத்தினார். அப்போதும் சோவியத் அணி 4-3 என்று தோற்றது. உலகத்திலேயே சிறந்தவர் என்று பெயர் வாங்கியவர், அந்த ஆட்டத்தின் மிச்சத்தைப் பலகையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று.

நான் இதை ஒரு நாவலில் எழுதியிருந்தால் அந்த இடத்தோடு அத்தியாயத்தை முடித்திருப்பேன். வாழ்க்கை நாலு வருஷம் கழித்து இன்னோர் அத்தியாயம் எழுதியது. 1984-ல் சராயேவோ ஒலிம்பிக். தங்கத்தைத் தீர்மானித்த கடைசி ஆட்டத்தில் சோவியத் அணி செக்கோஸ்லோவாகியாவை 2-0 என்று வென்றது. கோலில் நின்றவர் திரெத்தியாக். ஒன்றையும் உள்ளே விடவில்லை. அந்த வருஷத்தோடு ஆட்டத்தை விட்டுவிட்டார். 1972, 1976 தங்கங்களைவிட இந்த மூன்றாவது தங்கமே அவரைப் பெரியவராக்கியது என்பது என் அபிப்பிராயம். முதல் இரண்டையும் வாங்கியபோது விழுந்து எழுந்தவன் என்று அவருக்குப் பெயரில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் ஹாக்கியில் கோல் அகலம் 12 அடி, உயரம் 7 அடி. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா 5 ஆட்டங்களில் 29 கோல் போட்டு, ஒன்றுகூட வாங்கவில்லை. கோலில் நின்றவர் ரிச்சர்ட் ஆலன். 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் சேர்த்து அவர் விட்டது 2 கோல்கள்தாம். 1932-ல் அமெரிக்காவை 24-1 என்று வென்றபோது விழுந்த அந்த ஒன்றுக்கும் ஒரு கதை உண்டு. வேலை இல்லாமல் சலித்துப்போய், கோலுக்குப் பின்னால் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். அதற்குள் பந்து உள்ளே போய்விட்டதாம். கதை உண்மையோ என்னவோ, எண்களை நம்புவதில் உள்ள ஆபத்தை இதைவிடச் சிரிப்பாக விளக்க முடியாது. தயான் சந்த் எதிர்க் கோலிலேயே குடியிருந்த அணியில், நம் கோல் கீப்பருக்கு என்ன பரீட்சை? ஆலன் கெட்டிக்காரர் அல்ல என்று நான் சொல்லவில்லை. 1936 இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் ஜெர்மனியோடு 1-0 என்றுதான் நின்றது. அப்போது அவர் நின்றுதான் காத்தார். ஆனாலும் அவருக்குக் கிடைத்த இடம் ஏரியிலேயே நல்ல இடம். அதை மறந்து 2 என்ற எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது.

சங்கர் லட்சுமணனுக்குக் கிடைத்தது வேறு காலம். மத்தியப் பிரதேசத்தில், அம்பேத்கர் பிறந்த அதே மாவ் என்ற ஊரில் 1933-ல் பிறந்தவர். 1947-ல் ராணுவத்தில் பாண்டு வாத்தியக்காரராகச் சேர்ந்தார். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவர் கோலில் நிற்க, இந்தியா 38 கோல் போட்டு ஒன்றும் வாங்காமல் தங்கம் வென்றது. இறுதி ஆட்டம் பாகிஸ்தானுக்கு எதிராக 1-0. இதுவரை ஆலன் கதை மாதிரிதான்.

1960-ல் ரோமாபுரியில் மறுபடியும் அதே பாகிஸ்தான், அதே இறுதி ஆட்டம். ஆட்டத்தின் முற்பகுதியிலேயே நஸீர் பந்தா ஒரு கோல் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு லட்சுமணன் ஒன்றையும் உள்ளே விடவில்லை. நம்மவர்களும் ஒரு கோல்கூடப் போடவில்லை. முடிவு 0-1. 1928 முதல் 6 ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வாங்கிய தேசம் முதல் தடவையாகத் தோற்றது. கணக்குப் பார்த்தால், ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் விட்ட கீப்பர் மேல் குற்றமே கிடையாது. ஆனால் ஜனங்கள் அப்படியா கணக்குப் பார்க்கிறார்கள்? போடாத கோல்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. விழுந்த கோல் ஒன்றுதான் கண்ணில் நிற்கிறது.

நாலு வருஷம் அதைச் சுமந்துகொண்டு லட்சுமணன் 1964-ல் டோக்கியோவுக்குப் போனார். இந்த முறை அணி 1956-ஐப் போல எல்லோரையும் துவம்சம் செய்யவில்லை. ஜெர்மனியோடும் ஸ்பெயினோடும் 1-1 என்று சமன் செய்துதான் தப்பித்தது. இறுதி ஆட்டத்தில் மறுபடியும் பாகிஸ்தான். மொகிந்தர் லால் ஒரு கோல் போட்டார். அதற்குப் பிறகு பாகிஸ்தான் அலை அலையாக வந்தது. லட்சுமணன் நின்றார். முடிவு 1-0. தங்கம் திரும்பி வந்தது. 1966-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவரே அணித் தலைவர். இறுதி ஆட்டம் பாகிஸ்தானோடு; 1-0.

வாசகர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மூன்று ஒலிம்பிக் இறுதி ஆட்டங்கள், மூன்றிலும் ஒரே எதிரி. 1-0, 0-1, 1-0. இடமும் எதிரியும் மாறாமல் மூன்று தடவை சீட்டு விழுந்திருக்கிறது. ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத ஒப்பீடு நமக்குச் சும்மாவே கிடைத்திருக்கிறது. மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து அவர் விட்டது ஒரு கோல். முதல் தங்கம் ஒரு பெரிய அணியின் தங்கம். வெள்ளி, ஒரே ஒரு பந்தின் கதை. இரண்டாவது தங்கத்தில்தான் லட்சுமணன் என்ற மனிதரை முழுசாகப் பார்க்கிறோம். பெரியவர் அந்தக் குப்பத்தில் சொன்ன மறுநாள், இவருக்கு நாலு வருஷம் கழித்து விடிந்தது.

இதே கண்ணோடு நம் காலத்து ஸ்ரீஜேஷையும் பார்க்கலாம். டோக்கியோவில் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனி அவரைத் தாண்டி 4 கோல் போட்டது. எண்ணை மட்டும் பார்க்கிறவர் அதை மோசமான நாள் என்றே எழுதிவிடுவார். ஆட்டம் 5-4 என்று நிற்க, முடிய ஒரு சில விநாடி இருக்கும்போது ஜெர்மனிக்கு பெனால்டி கார்னர் கிடைத்தது. அந்த ஐந்தாவது உள்ளே போயிருந்தால் 41 வருஷக் காத்திருப்பு இன்னும் நீண்டிருக்கும். போகவில்லை. நாலு தடவை தோற்றவர் ஐந்தாவது பந்துக்கு முதல் பந்துக்கு நிற்கிற மாதிரியே நின்றார். 2024-ல் பாரிஸில் கால் இறுதி ஆட்டத்தில் நம்மவர் ஒருவர் 17-ஆவது நிமிஷத்திலேயே வெளியேற்றப்பட்டார். மீதி ஆட்டம் முழுவதும் 10 பேராகப் பிரிட்டனோடு 1-1 என்று தாக்குப் பிடித்து, பிறகு தனித்தனியாக அடிக்கும் கட்டத்தில் 4-2 என்று ஜயித்தார்கள். மறுபடியும் வெண்கலம். ஸ்ரீஜேஷுக்கு நாடு நன்றாகவே மரியாதை செய்தது. அவர் அணிந்த 16-ஆம் எண் சட்டையை அணியில் இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தார்கள், பத்மபூஷணும் கொடுத்தார்கள்.

லட்சுமணனுக்கும் அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 1979-ல் கௌரவ காப்டனாக ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பிறகு ஊர் அவரை மறந்தது. கடைசிக் காலத்தில் காலில் அழுகல் நோய் வந்தது. வைத்தியத்துக்குப் பணம் போதவில்லை. 2006 ஏப்ரல் 29-ஆம் தேதி மாவிலேயே காலமானார். இரண்டு ஒலிம்பிக் இறுதி ஆட்டங்களில் பந்தை உள்ளே விடாமல் நிறுத்திய கால்கள் அவை.

பெரியவர்களை வரிசைப்படுத்துகிற பொழுதுபோக்கில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் தவறான அளவுகோலைப் பிடித்துக்கொண்டால், ரேடியோவில் கேட்ட எண்ணும் பலகையில் பார்த்த எண்ணும் மிஞ்சுகின்றன, மனிதர் நழுவிவிடுகிறார். லட்சுமணன் நழுவியது அப்படித்தான் என்று நினைக்கிறேன். எத்தனை தடுத்தார் என்று கேட்பதோடு நிறுத்தாமல், தம்மைத் தாண்டிப் போன பந்தை வலையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பந்துக்கு எப்படி நின்றார் என்றும் கேட்டால், கனடாவிலும் ருஷ்யாவிலும் சொல்கிற பெயர்களுக்குப் பக்கத்தில் மாவ் ஊர்க்காரரின் பெயரையும் தயங்காமல் எழுதலாம். நான் எழுதுகிறேன்.